பூச்சாடியின் எட்டுப் பெயர்கள்

பத்து வயதில் ஒரு சனிக்கிழமை நான் எட்டுப் பெயர்களை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கை ஒடிந்தது, வீடு போனது. தப்பாக வாசித்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பாள்.

நம்மோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் முப்பத்தேழு பேர். இப்போது மிச்சம் ஆறு பேர்; அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது, ஒருவனுக்கு என்னையே தெரியவில்லை. மற்றவர்களுக்காவது பீடத்தின் வலப்பக்கம் இருந்த பித்தளைப் பூச்சாடி நினைவிருக்கும். அரளியும் செம்பருத்தியும் வைப்போமே, அதுதான். அது பூச்சாடியாகப் பிறந்ததல்ல. கப்பல் பீரங்கியின் வெற்றுக் குண்டுக்கூடு. மேல்பாதியை அறுத்து, வாய் ஓரத்தை இதழ் இதழாக மடக்கியிருப்பார்கள். இதழ் பன்னிரண்டு. உயரம் பதினான்கரை அங்குலம். என்னிடம் இருந்தபோது ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். எடை இரண்டு கிலோ நானூறு. சுற்றிலும் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய ஆங்கில எழுத்தில் ஒரு கப்பலின் பெயர், அதன் கீழே அந்தப் பீரங்கியில் நின்ற எட்டுப் பேரின் பெயர்கள். ஆறாவது என் பெரியப்பா பெயர்.

யுத்தத்தில் இருந்து அவர் கொண்டுவந்தது என்று சபைக்கே தெரியும். அறுப்பின் பண்டிகை ஒன்றில் அவர் அதைக் காணிக்கையாகப் படைத்தார். அன்று முதல் ஆராதனையில் இரண்டாவது பெஞ்சு அவருக்கு. ஆராதனை முடிந்தால் புளியமரத்தடியில் அவர் பேச்சுத்தான். குண்டை எப்படித் தூக்கிக் கொடுப்பது, பீரங்கி பின்வாங்கும்போது விலா எலும்பில் எப்படி அடிக்கும், கடலில் எண்ணெய் எரிந்தால் மனிதன் எப்படிக் கத்துவான் என்று சொல்லச் சொல்ல, உபதேசியார்கூட வாய் பிளந்து கேட்பார்.

வீட்டில் அவர் கை சும்மா இருக்காது. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே முற்றத்தில். மாட்டை அடிப்பார், அண்ணனை அடிப்பார், என்னை அடிப்பார். அண்ணன் என்று நான் சொல்வது அவர் மகனை. எங்களுக்குப் புளியங்கம்பு. அடி வாங்குகிறவன் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். "பீரங்கிக்காரன் எண்ணு தப்பினா கப்பலு போச்சு, கேட்டியாலே?" என்பார். நான் அதிகம் வாங்கியது முப்பத்தொன்று. அண்ணன் ஐம்பத்துநான்கு. பெரியம்மாவை அவர் எண்ணச் சொன்னதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நாங்கள்தான் எண்ணினோம்.

ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. "யுத்தம் பாத்த மனுசன். கடல்ல கண்டதெல்லாம் தலையில ஏறிக் கெடக்கு, என்ன செய்ய?" என்பார்கள். என் அப்பாவும் அதையேதான் சொல்வார். அப்பா சபைச் செயலாளர். ஈ எறும்பைக்கூட நசுக்காதவர். பெரியம்மாவின் நெற்றி உடைந்த அன்றைக்கும், "பாவம், அண்ணனுக்கு உறக்கத்துல குண்டு விழுது போல" என்று சொல்லிவிட்டுக் கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்.

அந்த ஆடி மாதத்தில்தான் அவள் வந்தாள். கடியப்பட்டணத்துக்காரி. ஆடியில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், கட்டுமரம் இறக்க முடியாது. பழைய கருவாட்டை ஓலைக் கடகத்தில் சுமந்துகொண்டு ஏழெட்டு மைல் உள்ளே நடந்து வருவார்கள். கூடவே அவள் மகள், என் வயது, தலையில் சின்னக் கடகம். பெரியம்மா சாளைக் கருவாட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அக்கா, இந்த வீட்டு அண்ணாச்சி கப்பல்ல இருந்தவராமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எங்க வீட்டுக்காரரும் கப்பலுக்குத்தான் போனாரு. இந்தப் பிள்ள அப்பம் மடியில. ரெண்டு வருசம் கடுதாசி வந்து, பங்குச் சாமியாரு வாசிச்சுக் காட்டினாரு. பிறவு இல்ல." அவள் கப்பலின் பெயரைச் சொன்னாள். சாமியார் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன பெயர்.

பெரியம்மா கருவாட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அட கர்த்தாவே, இவியளுக்கும் அதே கப்பலுதானே!"

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அன்றே முற்றத்தில் வைத்துச் சொல்லிவிட்டாள். ஆள் போய் எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாமியார் மூலம் கப்பல் ஆபீசுக்கு எழுதிக் கேட்டால், அப்படி ஓர் ஆள் எங்கள் படையில் இருந்ததே இல்லை என்று பதில். கொழுந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் கப்பலுக்கே போகவில்லை, பம்பாயில் எவளோடோ இருக்கிறான், ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை, ஊர்த் திருவிழாவுக்கு முன் இறங்கு என்று சொல்லிவிட்டான்.

"கப்பல்ல செத்ததுக்கு ஒரு அடையாளம் கொண்டு வா, நான் பூச வைக்கேன், பிறவு ஒருத்தனும் ஒன்ன எறக்க முடியாதுன்னு சாமியாரு சொல்லுகாரு அக்கா. உயிரோட இருந்தா நல்லதுதான். செத்துட்டாருன்னா அதயாவது சொல்லட்டும். இது ரெண்டுங்கெட்டு."

பெரியப்பா வந்தார். கதையைக் கேட்டார். முதலில் நிதானமாகத்தான் இருந்தார். "மாப்பிள்ளைக்குப் பேரென்ன?" என்றார். அவள் சொன்னாள். அவர் கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி எழும்பியதைப் பார்த்தேன்.

"இல்ல. அப்பிடி ஒருத்தன் அதுல இல்ல. போ."

"வலது பொறங்கையில தூண்டி கிழிச்ச வடு உண்டு அண்ணாச்சி. இங்கிருந்து இதுவரைக்கும்..."

கடகத்தை உதைத்தார். கருவாடு தொழுவம் வரை சிதறியது. குனிந்து பொறுக்கியவளின் முதுகில் மாட்டுக் கயிற்றை இரட்டையாக மடக்கி ஏழு அடி அடித்தார். அவள் கத்தவில்லை. மகள்தான் கத்தினாள். "ஏட்டி, பொறுக்கு" என்றாள் அம்மை. பொறுக்கி முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை கோயில் வாசலில் என்னைப் பிடித்தாள். சனிக்கிழமைதோறும் நாலு பையன்கள் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பீடத்துப் பித்தளை தேய்ப்போமே, அன்று என் முறை. "மக்கா, நீ இங்கிலீசு படிக்க பிள்ளதானே? அந்தச் சாடியில உள்ள பேரு எல்லாத்தயும் ஒருக்க வாசிச்சுத் தா மக்கா" என்றாள். எனக்குப் பெருமை. மூன்றாம் பாரத்தில் படித்த அண்ணனைவிட நான் ஆங்கிலம் நன்றாக வாசிப்பேன்.

அவள் உள்ளே வருமுன் கையைச் சேலையில் துடைத்தாள். ஒருமுறை அல்ல, ஐந்துமுறை. மகள் வாசலிலேயே நின்றாள். நான் சாடியைச் சுற்றிச் சுற்றி எட்டுப் பெயரையும் வாசித்தேன். அவள் உதடு கூடவே அசைந்தது.

"இன்னொருக்க."

இன்னொருமுறை வாசித்தேன். "உங்க ஆளு பேரு இதுல இல்ல" என்றேன். "எட்டுத்தான். நான் எண்ணியாச்சு."

"அடியக் காட்டு மக்கா."

"அடியில கம்பெனி நம்பருதான் இருக்கு."

"எங்களுக்கு எழுத்து ஏது? நாங்க அடியிலதான் பாப்போம்." கடற்கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டுக்குறி உண்டு, மரத்தின் அடியிலும் துடுப்பிலும் வெட்டி வைப்பார்கள், புயலில் மரம் எந்த ஊரில் ஒதுங்கினாலும் புரட்டிப் பார்த்து இன்னார் வீட்டு மரம் என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். சொல்லிக்கொண்டே சாடியை என் கையிலிருந்து வாங்கிச் சரித்தாள்.

கதவோரம் வெளிச்சம் மறைந்தது. பெரியப்பா.

மூன்று எட்டில் வந்துவிட்டார். சாடியைப் பறித்தார். அதே சாடியை ஓங்கி அவள் கையில் அடித்தார். பச்சை விறகு முறிகிற சத்தம். நம்மில் ஒருவன் அன்று என் பக்கத்தில் நின்று செங்கல் பொடித் தட்டைக் கீழே போட்டான். உயிரோடு இருக்கிறான், இதை வாசிப்பான், அவனைக் கேளுங்கள். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது தலையில், காதுக்கு மேல். மகள் ஓடிவந்து அவர் தொடையைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறிய உதறலில் பெஞ்சு முனையில் போய் விழுந்தாள். முன்பல் இரண்டு தரையில் கிடந்தன. பீடத்து வெள்ளைத் துணியின் ஓரம் ஒரு சாண் அகலத்துக்குச் சிவந்தது. நாங்கள் நாலுபேரும் புளிக்கையோடு நின்றோம். எங்களில் ஒருவன்கூட ஓர் அடி முன்னே வைக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிகிற நேரத்தில் அவள் அண்ணனும் நாலு பேரும் துடுப்போடு வந்தார்கள். நம் ஆட்கள் வேலியில் இருந்த மூங்கிலை உருவினார்கள். அரைமணி நேரம் நடந்தது. அவள் அண்ணனுக்குத் தாடை பிளந்தது. பெரியப்பாவின் இடது முழங்காலில் துடுப்பின் விளிம்பு இறங்கியது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி மூன்று தடவை போனது. இரண்டு பக்கமும் சேர்த்து பதினோரு பேர். பெரியப்பா அதன்பிறகு சாகும்வரை நொண்டினார். சில வருடம் கழித்து அந்த நொண்டலையும் யுத்தத்தில் பட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். ஊரும் கேட்டது.

போலீசுக்குப் போகாமல் பேசி முடிக்க இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கோயில் வளாகத்தில் கூடினார்கள். அவள் கையில் மூங்கில் பத்தை கட்டியிருந்தது. கொழுந்தனும் வந்திருந்தான். என்னை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

"சாடியில எத்தன பேரு உண்டு?"

"எட்டு."

"இவ மாப்பிள்ள பேரு உண்டா?"

"இல்ல."

"ஒனக்க பெரியப்பா பேரு?"

"உண்டு. ஆறாவது."

"படிக்க பய. தெளிவாச் சொல்லுகான்" என்றார் ஒரு மூப்பர். கொழுந்தன் சிரித்தான். அப்பா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாமானுக்க அடிய ஒருக்கக் காட்டச் சொல்லுங்க" என்றாள் அவள். அதை மட்டும்தான் கேட்டாள்.

"கருவாட்டுக் கையோட பீடத்தில கேறினதுதான் இம்புட்டு ரெத்தத்துக்கும் காரணம். இன்னும் தொடணுமா?" என்றார் மூப்பர். அவர்கள் பக்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் அண்ணன் பிளந்த தாடையோடு கையெடுத்துக் கும்பிட்டான். அவர்களுடைய திருவிழாக் கொடி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் கொழுந்தன் அவள் பானை சட்டியை மணலில் எறிந்தான் என்று மீன்காரிகள் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் ஊரில் முடிந்தது.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். போன வருடம் கோயிலைப் புதுப்பித்துக் கண்ணாடிச் சாடி வாங்கினார்கள். பித்தளைச் சாடியை, உங்கள் குடும்பத்துப் பொருள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைப்போம் என்றுதான் தொடங்கினேன். எந்தக் கப்பல், எந்தப் பீரங்கி, பெரியப்பா எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை நாள் கடலில் இருந்தார், ஒன்றும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. என்னிடம் படித்த ஒருவன் கப்பல் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். அவன் அலைந்து திரிந்து பதினோரு மாதம் கழித்துப் பழைய பதிவின் நகல் ஒன்றை வாங்கி அனுப்பினான்.

பெரியப்பா பெயர். எங்கள் ஊர். என் தாத்தா பெயர். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ். எல்லாம் சரி. அங்க அடையாளம்: வலது புறங்கையில் நீளத் தழும்பு, இடது கையில் பச்சை குத்திய சிலுவை. அதற்குக் கீழே, யுத்தம் முடிவதற்கு ஒரு வருடம் முந்தைய தேதியில், கடலில் மரணம், உடல் கிடைக்கவில்லை.

பெரியப்பாவின் கையில் ஒரு தழும்பும் இருந்ததில்லை. அவரைக் கல்லறையில் இறக்கும்போது கயிற்றின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது.

குழித்துறைக்கு பஸ் ஏறினேன். அண்ணன் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்தாறு. பேப்பரை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"இப்பந்தானா ஒனக்குத் தெரியும்?" என்றார்.

"உமக்கு?"

"அம்ம சாவக் கிடக்கும்போ சொன்னா. அந்தக் கருவாட்டுக்காரி வந்துபோன பிறவுதான் அவளுக்கே தெரியும். அப்பாவுக்குக் கப்பலுக்கு உத்தரவு வந்தாச்சு. பொறப்பட வேண்டிய அன்னைக்குக் கடலக் கண்டு பயம். கரையில ஒருத்தன் நிப்பான், அவனுக்குக் கப்பலுக்குப் போவ ஆச, கையில சர்ட்டிபிக்கேட்டு இல்ல. இவரு தாள அவன் கையில குடுத்துட்டு பீருமேட்டுல தேயிலத் தோட்டத்துல போய் ஒளிஞ்சுகிட்டாரு. அவன் இவரு பேருலயே கப்பல் ஏறினான். வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் ஜெயிலு. அதனால பெஞ்சாதிகிட்டகூட சொல்லாமத்தான் போயிருக்கான்."

"சாடி?"

"செத்தவனுக்கப் பெட்டி நம்ம வீட்டு விலாசத்துக்குத்தானே வரும்? அதுக்குள்ள இருந்து."

"தாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாதே. தந்தி வந்திருக்குமே. யாரு வாசிச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஐம்பத்துநான்கு அடியை எண்ணி முடித்த முகம் அது.

"ஒனக்க அப்பாதாம்லே வாசிச்சாரு. அந்த வீட்டுல வேற யாருக்கு வாசிக்கத் தெரியும்?"

அப்படியென்றால் அன்று பெஞ்சின் மேல் நான் "இல்ல" என்று சொன்னபோது, அதைத் தலை நிமிராமல் எழுதிக்கொண்டவருக்கு எல்லாம் தெரியும். பெரியப்பா அடித்த அடிகளை என்னால் எண்ண முடிகிறது. அப்பாவை எதை வைத்து எண்ணுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாடியைக் கவிழ்த்தேன். அத்தனை வருடப் புளியில் எழுத்துகள் மழுங்கியிருந்தன. அடிப்பக்கம் அவ்வளவு தேயவில்லை. நாங்கள் அடியைச் சரியாகத் தேய்ப்பதில்லை. கம்பெனி நம்பருக்குப் பக்கத்தில் உளியால் வெட்டியது போல மூன்று சாய்ந்த கோடு, அவற்றை வெட்டிக்கொண்டு ஒரு குறுக்குக் கோடு.

போன மாதம் சாடியை ஒரு பையில் வைத்துக் கடியப்பட்டணத்துக்குப் போனேன். கை ஒடிந்த கருவாட்டுக்காரியின் மகள் என்று கேட்டதும் வழி காட்டினார்கள். ஒற்றை அறை வீடு. நான் யார் என்று சொல்லத் தொடங்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீருதானே வாசிச்ச பய?"

"ஆமா."

"நல்லாத்தான் வாசிச்சேரு. எங்க அம்ம சாவது வரைக்கும் அந்த எட்டுப் பேரையும் செபம் மாதிரி சொல்லிட்டுக் கெடந்தா. இவரு கூட நின்ன ஆளுவ, ஒருத்தனாவது வந்து சொல்லுவான்னு."

"ஆறாவது பேரையுமா?"

"அதயும்தான்."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேப்பரை வாசித்து, அண்ணன் சொன்னதையும் அப்பா செய்ததையும் சொன்னேன். புறங்கைத் தழும்பு வந்த இடத்தில் கண்ணை மூடினாள். முடித்ததும் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். எண்பத்து மூன்று வயதுக் கை. கண்ணாடி வாசலுக்கு வெளியே போய் விழுந்தது. அதை அவளே எடுத்து, சேலையில் துடைத்து, என் மூக்கில் மாட்டினாள்.

"வாரும். எனக்கிட்ட சொல்லி என்ன? சொல்ல வேண்டிய இடத்துல வந்து சொல்லும்."

கொழுந்தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கொழுந்தன் இப்போது உயிரோடு இல்லை. அவன் மகனும் இல்லை. தாயையும் மகளையும் இறக்கிவிட்ட இடத்தில் இப்போது இரண்டு மாடி. பேரன் கல்ஃபில் இருந்து வந்து கட்டியது. முற்றத்தில் ஒரு பைபர் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு என்ஜின் மாட்டுகிற இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும்.

"என்ன அத்த, வெயில்ல?"

"எங்க அப்பா எங்க போனாருலே?"

அவன் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "அது பழைய கத அத்த. தாத்தா சொல்லுவாரு, பம்பாயிலன்னு..."

"வாசியும்" என்றாள் என்னிடம்.

வாசித்தேன். பக்கத்து வீடுகளில் இருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இதுல வேற ஆளு பேருல்லா அத்த இருக்கு? இத வச்சு எப்பிடி?" என்றான். திமிராகக் கேட்கவில்லை. நியாயமாகத்தான் கேட்டான். அன்று மூப்பர்கள் கேட்டதும் இந்த நியாயத்தைத்தான்.

"சுத்தியல எடு."

எடுத்துக் கொடுத்தான். அவள் மணலில் உட்கார்ந்து சாடியைக் கால்களுக்கு நடுவில் கிடத்தினாள். "ஆறாவது எது? காட்டும்." நான் விரலை வைத்துக் காட்டினேன். விரலை எடுக்குமுன் முதல் அடி விழுந்தது. பித்தளை ஊளையிட்டது. அடிக்க அடிக்க என் பெரியப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக நசுங்கி உள்ளே போனது. கடைசி அடியில் அந்த இடம் கிழிந்து விரல் நுழைகிற அளவு ஓட்டை விழுந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

மூச்சு வாங்க, சாடியைப் புரட்டி அடியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இனி சொல்லுலே. இது யாருக்கு?"

அவன் பெருவிரலால் அந்த மூன்று கோட்டையும் குறுக்குக் கோட்டையும் தடவினான். திரும்பித் தன் வள்ளத்தைப் பார்த்தான். முன்பக்க அணியத்தில் சிவப்புப் பெயின்டால் அதே மூன்று கோடு, அதே குறுக்குக் கோடு.

"நம்ம வீட்டுக்கத்தான் அத்த" என்றான்.